ஐந்து டாலர் கச்சேரி: ஒரு பங்க் குழு பிழைத்த கணக்கு

1980ஆம் ஆண்டின் கடைசியில், வாஷிங்டன் நகரத்தில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த நான்கு பையன்களிடம் ஒரு சுருட்டுப் பெட்டி இருந்தது. உள்ளே சுமார் 600 டாலர். ஓராண்டு முழுக்கக் கச்சேரி செய்து, ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தது. குழுவின் பெயர் டீன் ஐடில்ஸ். அந்தக் குழு கலையப் போகிறது. பணத்தைப் பங்கு போட்டால் தலைக்கு 150 டாலர் வரும். பங்கு போடாமல் இசைத்தட்டு ஒன்று போட்டார்கள். தட்டின் மேல் ஏதாவது கம்பெனிப் பெயர் அச்சிட வேண்டுமே என்பதற்காக டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு பெயரையும் வைத்தார்கள். குழு அப்போதே கலைந்துவிட்டது. கம்பெனி இன்றைக்கும் இருக்கிறது.

பங்க் என்ற ராக் இசை வகை என்னவென்று புதிதாகக் கேட்பவருக்கு வழக்கமாகக் காட்டப்படுவது லண்டன் படங்கள்தான்: ஆணி குத்திய தோல் ஜாக்கெட், சேவல் கொண்டை முடி, உதட்டில் ஊக்கு. அதெல்லாம் உடை. பங்க் எப்படி இயங்குகிறது என்பது தெரிய வேண்டுமானால் அந்தச் சுருட்டுப் பெட்டியைப் பார்க்க வேண்டும். அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த 18 வயதுப் பையன் இயன் மக்காய். பின்னால் மைனர் த்ரெட் குழுவின் பாடகர், அதற்கும் பின்னால் ஃபுகாசி குழுவின் இரண்டு பாடகர்களில் ஒருவர். பெரிய கம்பெனி, மேனேஜர், வக்கீல் என்று யாருமில்லாமல் ஓர் இசைக்குழு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இவருடைய வாழ்க்கையை விடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம்.

முதலில் சத்தம்

பங்க் 1970களின் நடுவில் நியூயார்க்கில் உருவெடுத்தது. ரமோன்ஸ் குழு 1976இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். மொத்தமும் 29 நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தக் காலத்து ராக் குழுக்கள் ஒரே பாட்டை இருபது நிமிடம் இழுத்துக்கொண்டிருந்தன. நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனம், விலை உயர்ந்த வாத்தியம், மாதக்கணக்கில் ஸ்டூடியோ. ரமோன்ஸ் அதையெல்லாம் வெட்டி எறிந்தது.

பங்க் கிட்டாரின் அடிப்படை பவர் கார்டு என்ற ஸ்வரக்கூட்டு. சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவருக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஸ, ப மட்டும், காந்தாரம் கிடையாது. சாதாரண கார்டில் ஸ, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். அந்தரகாந்தாரம் இருந்தால் மேஜர், சாதாரணகாந்தாரம் இருந்தால் மைனர். பவர் கார்டில் அந்த ஸ்வரத்தையே விட்டுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை அளவு மீறி முடுக்கி ஒலியை உடைக்கும்போது, வாசித்த ஸ்வரங்களின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய ஸ்வரங்கள் உள்ளே முளைக்கும். ஸ-வுக்கும் ப-வுக்கும் விகிதம் 2:3. மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் ஒன்று. அது கீழ் ஸ்தாயி ஸ. ஆகவே ஒலி கலங்காமல் தடிக்கிறது. காந்தாரத்தைச் சேர்த்தால், கிட்டாரின் மெட்டு (ஃபிரெட்) அமைப்பில் அது ஏற்கெனவே சற்று விலகி நிற்பதால், உடைந்த ஒலியில் அந்த விலகல் பெரிதாகிச் சேறு கலக்கியது போலாகிவிடும்.

இரண்டு விரல் பிடித்தால் போதும். அதே வடிவத்தை மேலும் கீழும் நகர்த்தினால் எல்லா ஸ்வரத்திலும் கார்டு கிடைக்கும். இடது கை வேலையை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். வலது கைதான் சோதனை. தந்தியை மேலிருந்து கீழாகவே இடைவிடாமல் அடிக்கும்போது இரண்டாவது பாட்டிலேயே முன்கை மரத்துப்போகும். புதுக்குழுக்கள் சறுக்குவது இங்கேதான்: வேகம் என்ற பெயரில் காலப்பிரமாணம் ஓடிவிடும், டிரம்ஸ்காரர் முன்னால், பேஸ் பின்னால். வாஷிங்டன் பையன்களுக்கு இந்த விஷயத்தில் பாடமாக அமைந்தது பேட் பிரெய்ன்ஸ். அதே ஊர்க் கறுப்பினக் குழு, ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃபியூஷன் வாசித்துப் பழகியவர்கள். தலைதெறிக்கும் வேகத்திலும் ஓர் அட்சரம் பிசகாது. வேகமும் கட்டுப்பாடும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்று அவர்களைப் பார்த்துத்தான் ஊரே கற்றுக்கொண்டது. அந்த வேகமான அமெரிக்க பங்க்குக்குத்தான் ஹார்ட்கோர் என்று பெயர்.

ஆயிரம் தட்டு போடுவது எப்படி

மறுபடி 600 டாலருக்கு வருவோம். பதிவு நடந்தது வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில், டான் ஜியென்டாரா என்பவர் தம் வீட்டு அடித்தளத்தில் வைத்திருந்த இன்னர் இயர் ஸ்டூடியோவில். வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துவிட வேண்டும், குரலை அதன் மேல் பிறகு பதிய வேண்டும். தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் நேரம் ஓடும். ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறும்.

தட்டு 7 அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று. ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடம் வரை நன்றாகக் கேட்கும். அதற்கு மேல் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவு குறையும், இரைச்சல் தலைதூக்கும். பங்க் பாட்டின் நீளம் இங்கே கைகொடுக்கிறது. ஒரு நிமிடப் பாட்டு என்றால் பக்கத்துக்கு நான்கு வீதம் எட்டுப் பாட்டுகள் ஒரே சின்னத் தட்டில் அடங்கிவிடும். டீன் ஐடில்ஸ் தட்டிலும் எட்டு, அதன் பின் வந்த மைனர் த்ரெட் முதல் தட்டிலும் எட்டு.

அச்சடித்தது 1,000 பிரதி. உறை செய்து தரும் கம்பெனிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அவர்கள் செய்தது இது: கடையில் வாங்கிய ஒரு தட்டின் உறையைப் பசை விட்டுப் பிரித்து, விரித்து வைத்து, ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டார்கள். அந்த அளவுக்குப் படம் வடிவமைத்து அச்சகத்தில் தாளாக அடித்து வாங்கினார்கள். பிறகு நண்பர்கள் கூடி உட்கார்ந்து, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். ஆயிரம் உறை. இப்படி ஒட்டுகிறவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. மடிப்பு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் தட்டு நுழையாது, நுழைந்தால் உறை கிழியும். ஆகவே முதல் உறையில் தட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை வெட்ட வேண்டும்.

அந்த உறையில் இருப்பது குறுக்காக வைத்த இரண்டு கைகள், கையின் புறத்தில் கறுப்பு மையில் பெரிய எக்ஸ் குறி. 1980 கோடையில் இவர்கள் கலிஃபோர்னியாவுக்குப் போனபோது சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில், வயது குறைந்தவர்களுக்கு மது கொடுத்துவிடக் கூடாதென்று கையில் எக்ஸ் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் வாஷிங்டன் கிளப்காரர்களிடம் அதையே முன்வைத்தார்கள்: எங்கள் கையில் குறி போடுங்கள், குடிக்க மாட்டோம், பாட்டு கேட்க மட்டும் உள்ளே விடுங்கள். மதுக்கடைக்காரரின் பயத்துக்காக வந்த குறி, பிறகு குடிக்காதவர்களின் கொடியாக மாறியது. இது யாரும் திட்டமிட்டதல்ல.

விற்ற பணம் திரும்பப் பெட்டிக்கே போனது. பிறகு மைனர் த்ரெட்டின் தட்டும் வந்தது. மக்காயும் டிரம்ஸ்காரர் ஜெஃப் நெல்சனும் கம்பெனியை நடத்தினார்கள். விதிகள் எளிமையானவை. வாஷிங்டன் வட்டாரக் குழுக்களின் தட்டுகள் மட்டுமே. எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக வரும் லாபத்தில் குழுவுக்கும் பங்கு. விலை குறைவு. சின்னக் கம்பெனிகள் விழுவது பெரும்பாலும் தட்டு விற்காமல் அல்ல, நன்றாக விற்கும்போதுதான். அச்சாலை முன்பணம் கேட்கும். கடையும் மொத்த விநியோகஸ்தரும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தருவார்கள், சிலர் தரவே மாட்டார்கள். ஆர்டர் அதிகமாக ஆக, கையில் ரொக்கம் குறையும். டிஸ்கார்டுக்கும் இதே நெருக்கடி வந்தது. லண்டனில் இருந்த சதர்ன் என்ற ஸ்டூடியோவின் ஜான் லோடர் அச்சிடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதால் மூச்சு விட முடிந்தது.

மைனர் த்ரெட்: மூன்று வருடம்

1980 முதல் 1983 வரை. நடுவில் 1981 இலையுதிர் காலத்தில் கிட்டார்காரர் லைல் பிரெஸ்லர் கல்லூரிக்குப் போய்விட, குழு கலைந்து சில மாதத்தில் மறுபடி கூடியது. வெளிவந்த பாட்டுகளை எல்லாம் ஒரே மூச்சில் கேட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இதில் 46 நொடிப் பாட்டு ஒன்று, ஸ்ட்ரெய்ட் எட்ஜ். குடிப்பதில்லை, போதை இல்லை, எனக்கு அதைவிட வேறு வேலை இருக்கிறது என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் தன்னைப் பற்றிக் கத்திய பாட்டு. அதை மற்றவர்கள் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். ஊர் ஊராக ஸ்ட்ரெய்ட் எட்ஜ் கூட்டங்கள் முளைத்தன. சில இடங்களில் பீர் குடிப்பவரைத் தட்டிவிடுவது, அடிப்பது வரை போனது. 1983இல் அவுட் ஆஃப் ஸ்டெப் என்ற பாட்டை மறுபடி பதிந்தபோது, நடுவில் பேச்சாகவே, இது யாருக்கும் விதி அல்ல என்று மக்காய் சேர்த்துச் சொன்னார். இந்த விளக்கம் வேண்டுமென்று நெருக்கியவர்களில் நெல்சன் முக்கியமானவர். கில்டி ஆஃப் பீயிங் ஒயிட் பாட்டுக்கு வந்த கதி இன்னும் மோசம். கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த பள்ளியில் படித்த அனுபவத்தை வைத்து, இனவெறிக்கு எதிராக எழுதியதாக மக்காய் சொன்ன பாட்டை இனவெறியர்களே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஒரு நிமிடத்தில் பத்து வரி கத்தும் வடிவத்துக்கு உள்ளேயே இந்த ஆபத்து இருக்கிறது. நுணுக்கத்துக்கு இடம் கிடையாது. கேட்பவர் தனக்கு வேண்டியதைப் போட்டு நிரப்பிக்கொள்வார். அந்தப் பாட்டில் பிழை கேட்பவருடையது மட்டும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

பாடகர் என்ற முறையில் மக்காயிடம் கவனிக்க வேண்டியது உச்சரிப்பு. எவ்வளவு வேகத்திலும் சொல் புரியும். வேகமாகக் கத்துகிறவர்கள் வழக்கமாக உயிரெழுத்தை நீட்டி மெய்யெழுத்தை விழுங்குவார்கள். இவர் மெய்யெழுத்துகளை வெட்டி வெட்டி எறிவார். இன்னொரு தொழில் விஷயமும் உண்டு. மேடையில் தன் குரல் தனக்கே கேட்காதபோதுதான் பாடகர் தேவைக்கு மேல் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார். சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்ளிஃபயரைக் குறைப்பதுதான் தொண்டைக்கு முதல் மருந்து. எந்தக் கிட்டார்காரரும் அதைக் கேட்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

குழு உடைந்ததற்கு இசை எந்தப் பக்கம் போவது, எவ்வளவு பெரிதாக வளர்வது என்ற வழக்கமான சண்டைகளே காரணம். கடைசிக் கச்சேரி 1983 செப்டம்பரில். இந்தக் குழுவின் முதல் தட்டின் உறையில், படிக்கட்டில் உட்கார்ந்து முழங்கால் மேல் தலையைக் கவிழ்த்திருக்கும் மொட்டைத் தலைப் பையன் இயனின் தம்பி அலெக். 2005இல் நைக்கி நிறுவனம் தன் ஸ்கேட்போர்டு விளம்பரத்துக்கு அந்த உறையை அப்படியே நகலெடுத்து, பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

ஃபுகாசி: ஐந்து டாலர் என்ன செய்தது

ஃபுகாசிதான் நம் விஷயத்தின் மையம். 1987இல் முதல் கச்சேரி. பாட்டும் கிட்டாரும் மக்காய், பேஸ் ஜோ லாலி, டிரம்ஸ் பிரெண்டன் கேன்டி, இன்னொரு குரல் கீ பிச்சோட்டோ. பிச்சோட்டோ ஆரம்பத்தில் பாடி ஆடினார், கிட்டார் பிறகுதான் எடுத்தார். பெயர் வியட்நாம் போர்ச் சிப்பாய்களின் கொச்சைச் சொல். இசை முன்போல ஒரே ஓட்டம் அல்ல. ஜமைக்காவின் ரெகே, டப் இசைப் பக்கம் சாய்ந்த பேஸ், நடுவில் நிறுத்தங்கள். வெயிட்டிங் ரூம் பாட்டைக் கேளுங்கள்: பேஸ் தொடங்கி எல்லோரும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகியிராது, திடீரென்று முழு மௌனம். மைனர் த்ரெட்டில் யாருக்கும் அந்தப் பொறுமை இருந்திருக்காது.

டிக்கெட் ஐந்து டாலர். எந்த வயதினரும் வரலாம். இந்த இரண்டும் நிபந்தனை. இதைத் தருமம் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் இது செலவைக் கட்டுப்படுத்தும் கருவி. ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 800 பேர் வந்தால் 4,000 டாலர். வழக்கமான குழுவுக்கு அதில் மேனேஜருக்கு 15 முதல் 20 சதவீதம், கச்சேரி பிடித்துத் தரும் ஏஜெண்டுக்குப் பத்து சதவீதம் அளவில், பிறகு வக்கீல், ஹோட்டல், பேருந்து. ஃபுகாசியில் மேனேஜர் இல்லை, ஏஜெண்ட் இல்லை. கச்சேரிகளை மக்காயே தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்தார். பயணம் வேனில், தூக்கம் பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டுத் தரையில். கம்பெனி முன்பணம் வாங்கவில்லை, அதனால் கட்ட வேண்டிய கடனும் இல்லை. செலவு தாழ்ந்திருந்ததால் ஐந்து டாலரிலும் மிச்சம் விழுந்தது. ஐந்து டாலர் ஒற்றை நோட்டு என்பதால் வாசலில் சில்லறைக்கும் அலைய வேண்டியதில்லை.

எல்லா வயதினரும் என்ற நிபந்தனை இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் கிளப்பின் வருமானம் மதுவில். 21 வயதுக்குக் கீழே உள்ளவரை உள்ளே விட்டால் இடம் நிரம்பும், கல்லா நிரம்பாது. அதனால் பல ஊர்களில் கிளப்பை விட்டுவிட்டு தேவாலயக் கூடம், பள்ளி ஜிம், சமூகக்கூடம் என்று தேட வேண்டியிருந்தது. அங்கே மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, எதிரொலி வேறு. ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்து, எங்கே வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். ஜிம் சுவரில் ஒலி மோதித் திரும்புவதால் டிரம்ஸ் இரண்டிரண்டாகக் கேட்கும். கூட்டம் நிறைந்த பிறகுதான் அது அடங்கும். மனித உடம்பு ஒலியை நன்றாக உறிஞ்சும். ஆகவே காலி அரங்கில் சரிபார்த்த ஒலி, கச்சேரி நேரத்தில் வேறு மாதிரி இருக்கும். இதற்கெல்லாம் மேலே, சில அமைப்பாளர்கள் ஐந்து டாலர் என்று ஒப்புக்கொண்டு சேவைக் கட்டணம் என்ற பெயரில் வேறு வழியில் ஏற்றப் பார்ப்பார்கள். அதையும் முன்கூட்டியே பேசி அடைக்க வேண்டும்.

பனியன் விற்பதில்லை என்பது இன்னொரு முடிவு. பெரும்பாலான குழுக்களுக்குச் சுற்றுப்பயணத்தில் பெட்ரோல் போடுவதே பனியன் காசுதான். இவர்கள் அதை விட்டார்கள். விளைவு, யாரோ ஒருவர் 'இது ஃபுகாசி பனியன் அல்ல' என்று அச்சடித்த பனியனை விற்றுப் பிரபலமாக்கிவிட்டார். காலி இடத்தை யாராவது நிரப்பத்தான் செய்வார்கள்.

வாசலில் வாங்கிய ஐந்து டாலர் ஒழுங்குக்கும் பயன்பட்டது. ஹார்ட்கோர் கச்சேரியில் கூட்டம் மோதிக்கொண்டு ஆடும். சிலர் அடிக்கவே வருவார்கள், மேடையிலிருந்து கூட்டத்தின் தலைமேல் குதிப்பார்கள். கீழே நிற்கும் சின்னப் பையன்களும் பெண்களும் சுவர் ஓரம் ஒதுங்கிவிடுவார்கள்; எல்லோருக்கும் இடம் என்ற பேச்சே பொய்யாகிவிடும். ஃபுகாசி பாட்டைப் பாதியில் நிறுத்தும். ஐயா, இப்படிச் செய்யாதீர்கள் என்று மக்காய் மைக்கில் மரியாதையாகவே சொல்வார். அந்த மரியாதைதான் முரடனை அதிகம் கூச வைக்கும். அடங்காதவரை வெளியே அழைத்துப்போய், ஐந்து டாலர் வைத்த உறை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பணம் திரும்பிவிட்டதால், நான் காசு கொடுத்திருக்கிறேன் என்ற வாதம் அடிபட்டுப் போகும். இதற்காகவே உறைகளைத் தயார் செய்து கொண்டுபோவார்கள். விமர்சனமும் உண்டு: பாட்டு கேட்க வந்தவனுக்குப் பள்ளிக்கூடப் பாடமா என்று. அது முழுக்கத் தப்பான விமர்சனம் அல்ல.

எழுதி வைத்த பாட்டு வரிசை கிடையாது. யாராவது தொடங்குவார், மற்றவர் தொடர்வார். இதற்கு எல்லாப் பாட்டும் எல்லோருக்கும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஒத்திகை குறைவான குழு இதைப் பார்த்துக் காப்பியடித்தால் இரண்டு பாட்டுக்கு நடுவே மூன்று நிமிட முணுமுணுப்புதான் மிஞ்சும்.

சொந்த ஊர்க் கச்சேரிகள் பெரும்பாலும் உதவி நிதிக்காகவோ இலவசமாகவோ நடந்தன. 1991 ஜனவரியில் வளைகுடாப் போருக்கு எதிராக வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபாயெட் பூங்காவில், குளிரில் வாசித்தார்கள்.

தவறிய வேலையும் இருக்கிறது. 1992இல் சிகாகோ போய் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியிடம் சில பாட்டுகள் பதியலாம் என்று தொடங்கி ஆல்பம் முழுவதையும் பதிந்துவிட்டார்கள். அங்கே அற்புதமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால் சரியில்லை; ஆல்பினிக்கும் அதே எண்ணம். ஸ்டூடியோவின் பெரிய ஒலிபெருக்கியும் சேர்ந்து வாசித்த உற்சாகமும் காதை ஏமாற்றுவது பதிவு உலகில் அடிக்கடி நடப்பதுதான். கடன் வாங்காத குழு என்பதால் அதைத் தூக்கி வைத்துவிட்டு, பழைய இன்னர் இயரில் தயாரிப்பாளர் டெட் நைஸ்லியோடு மறுபடி பதிய முடிந்தது. 1993இல் வந்த இன் ஆன் த கில் டேக்கர் அதுதான். கம்பெனி முன்பணத்தில் இருந்திருந்தால் இரண்டு பதிவுச் செலவும் குழுவின் கணக்கில்தான் ஏறியிருக்கும். நிர்வானா குழுவின் வெற்றிக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் பங்க் குழுக்களைத் தேடி அலைந்த காலம் அது. அதே ஆண்டு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனர்களில் ஒருவரான அகமது எர்டகன் நியூயார்க் கச்சேரிக்கு நேரிலேயே வந்து, தம் கம்பெனிக்கு வரும்படி கேட்டுப் பார்த்தார். குழு மறுத்துவிட்டது. ஏற்கெனவே தங்கள் சரக்கைத் தாங்களே அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அவரிடம் வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை.

2001இல் கடைசி ஆல்பம் த ஆர்கியுமெண்ட். 2002 நவம்பரில் லண்டனில் கடைசிக் கச்சேரிகள். குடும்பம், குழந்தைகள் என்று ஆனபோது மாதக்கணக்கில் வேனில் சுற்ற முடியவில்லை. ஒருவரை மாற்றி இன்னொருவரை வைத்துத் தொடர்வது அவர்களுக்கு ஒத்துவரவில்லை. கலைந்துவிட்டோம் என்று அறிவிக்கவும் இல்லை, காலவரையற்ற ஓய்வு. மக்காய் பிறகு ஏமி ஃபரினாவோடு த ஈவன்ஸ் என்ற இருவர் குழுவிலும், லாலியையும் சேர்த்துக்கொண்டு கோரிகி குழுவிலும் வாசித்தார்.

பதினைந்து ஆண்டுகளில் ஃபுகாசி செய்தது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை அவர்களுடைய ஒலிப் பொறியாளர்கள் டேப்பில் பிடித்து வைத்திருந்தார்கள். 2011 டிசம்பரில் அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். கிட்டார் கம்பி அறுந்தது, மக்காய் முரடனை அதட்டியது எல்லாம் வெட்டாமல் உள்ளது உள்ளபடி இருக்கும். பதிவின் தரம் சுமார் என்றால் சுமார் என்றே போட்டிருக்கும். ஒரு டாலரிலிருந்து நூறு டாலர் வரை விருப்பப்பட்டதைக் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அவர்களாகச் சொன்ன விலை ஐந்து டாலர்.